பலகை மேல் ஒரு காடு

மரத்திலிருந்து அப்போதுதான் உரித்தெடுத்த பாசிக்கு ஒரு வாசனை உண்டு; மழை நின்ற மண்வாசனையோடு லேசான புளிப்பும் கலந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில், எட்டு வயதுச் சிறுமியாக இருந்த என் விரல்களில் அது எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சண்டைக்குப் பயந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குடும்பம் ஓடிப்போனபின், மேட்டு பங்களாவின் பின்கதவுச் சாவி, அங்கே கூட்டிப் பெருக்கிய என் அம்மாவிடமே தங்கிவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்றே மாதம் என்று சொல்லி, ஜப்பான்காரர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அப்பாவையும் இன்னும் சிலரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேயிலையைப் பிடுங்கி மரவள்ளி நட்டிருந்த சரிவில் அம்மாவுக்கு வேலை. விடிந்ததும் என்னைப் பங்களாவில் விட்டுவிட்டுப் போவாள். "அப்பாவத் தேடி ரோட்டுச் சடக்குப் பக்கம் போயிடாத. போனவங்க போன வழியிலயே திரும்பி வருவாங்க," என்பாள். பள்ளிக்கூடம் இல்லை, கூட விளையாடவும் ஆளில்லை.

துரை மகனின் அறையில் கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை இருந்தது. அதன்மேல் பொம்மை ரயிலின் தண்டவாளம் வளைந்து ஓடியது. எஞ்சினை அந்தப் பையன் எடுத்துப் போயிருந்தான். ஒரு பெட்டிதான் மிச்சம். அப்பா போடும் பாதை இப்படி மொட்டையாகவா இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

களிமண் குழைத்து மேடுபள்ளம் செய்தேன். பெரணியை நட்டால் ஒரே இலை ரயில் பெட்டியைவிடப் பெரிதாக நின்று எல்லாவற்றையும் பொய்யாக்கியது. பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் நுனிக்குச்சியோ, கவைகவையாகப் பிரிந்து பெரிய மரத்தைச் சுருக்கி வைத்ததுபோல் இருந்தது. கிளைகளில் பாசியைக் கிள்ளி வைத்தால் இலையாகிவிடும். பாசி இரண்டொரு நாளில் காய்ந்து பழுப்பாகும். மறுபடி காட்டோரம் போய் உரித்து வந்து மாற்றுவேன். "அப்பா, இந்த வளைவுல நெழல் போட்டிருக்கேன், உக்காந்துக்குங்க," என்று அந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டிருப்பேன்.

ஜப்பான்காரன் தோற்றுச் சில மாதங்கள் கழித்து, அப்பாவோடு போன பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா மட்டும், புண்ணான காலில் துணி சுற்றி, கம்பு ஊன்றித் திரும்பி வந்தார். எங்களைத் தேடிப் பங்களாவுக்கே வந்தவர், பலகையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"யாரு தாயி இத செஞ்சது?"

"நான்தான் மாமா. அப்பா போட்ட ரயிலு."

அவர் கம்பைக் கீழே வைத்தார். பிறகு தண்டவாளத்தை ஒட்டியிருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "பாதையோரம் மரமே கெடையாது தாயி. எல்லாத்தையும் நாங்கதான வெட்டினோம்." வளைவுக்கு அப்பால் இருந்த ஒரு மரத்தில் அவர் கை நின்றது. அதைப் பிடுங்காமல், அடிமண்ணை விரலால் அழுத்திவிட்டார்.

"இத மட்டும் விட்டு வச்சோம். உங்கப்பா இதுக்கடியிலதான் இருக்கான்."

"எப்ப வருவாரு?" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் கிழங்குக் கூடையோடு வந்த அம்மா, வாசலில் நின்ற மாமாவைப் பார்த்துக் கூடையை இறக்கினாள். "தங்கச்சி..." என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்துப் போய் அந்த மரத்தைக் காட்டினேன். அதுவரை அவள் என் காட்டை ஏறிட்டும் பார்த்ததில்லை. இப்போது குனிந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஈரப்பாசியை எடுத்து, மரத்தடி முழுவதும் மெதுவாகப் பரப்பினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

புதிதாக வந்த துரை அந்த அறையைக் காலி செய்தார். பலகை எங்கே போனதோ தெரியாது. என் வயது இன்று தொண்ணூறை நெருங்குகிறது. போன வருடம் பேத்தி என்னைக் காரில் அங்கே கூட்டிப் போனாள். பங்களா இல்லை, லயம் இல்லை. நான் பாசி உரித்த காட்டை அழித்து, கியா பார்ம் என்ற ஊர் வரைக்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அவரைப் புதைத்த இடத்துக்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். அன்று நாங்கள் யாரும் மாமாவிடம் அதைக் கேட்கவில்லை. இப்போது கேட்க யாரும் இல்லை.