பெற்றிசியாவும் கிரேக்கத்து அப்புவும்

பெற்றிசியா மூக்கு நுனியால் கைப்பேசித் திரையில் ஒரு குத்துக் குத்துகிறாள். காலை ஏழு மணி. இரண்டு கையிலும் கட்டாமீனின் செதிலும் உப்பும் அப்பிக் கிடக்கும்போது விரலால் தொட வழியில்லை. தாழ்வுபாட்டுக் கரையில், கருவாடு காயப்போடும் பந்தலின் கம்பில், மெல்லிய பொலித்தீன் பைக்குள் அந்தக் கைப்பேசி தொங்குகிறது. குறி தவறினால் கனடாவில் இருக்கும் மைத்துனிக்கு அழைப்புப் போய்விடும். மைத்துனி இப்போதெல்லாம் அந்த நேரத்து அழைப்பை எடுப்பதில்லை. குறி சரியாக விழுந்தால், இந்தியாக் குரல் ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும்.

வாசிக்கப்படுவது இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டில் நடந்த தத்துவ உரையாடல்கள். செருப்பில்லாத ஒரு கிழவர் சந்தையில் பெரிய மனிதர்களை மறித்து, நீதி என்றால் என்ன, துணிவு என்றால் என்ன, நட்பு என்றால் என்ன என்று கேட்பார். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் பிய்த்துப் போடுவார். பெற்றிசியா மீனைப் பிளந்து, குடலை எடுத்து, கடல்தண்ணீரில் அலசி, உப்புத் தொட்டியில் போட்டபடி அதைக் கேட்பாள். கிழவரின் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கதைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே அவளுக்கு அவர் 'அப்பு'.

"அப்பு வேலைவெட்டிக்குப் போறேல்லை. வீட்டில மனிசி நல்ல பேச்சுக் குடுக்கும். ஆனா ஆளின்ர கேள்வியில பிழை பிடிக்கேலாது," என்பாள்.

இந்தச் சகவாசம் வந்த வழி சிறியது. பட்டணத்தில், உப்புக்குளம் பகுதியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் வஸீரிடம் போன வருடம் போய், "தம்பி, கை ஈரமா இருக்கிற ஆள் கேக்கக்கூடிய மாதிரி நல்ல கதை ஏதும் போட்டுத் தாங்கோ. பாட்டு வேண்டாம். அழுகிற நாடகமும் வேண்டாம்," என்று கேட்டாள். வஸீர் தன் கணினியைத் துழாவி, பல்கலைக்கழக மாணவி ஒருத்தி எப்போதோ தரவிறக்கி விட்டுப்போன ஒலிப்புத்தகங்களை அப்படியே ஏற்றிக் கொடுத்துவிட்டான். முதல் இரண்டு நாளும் பெற்றிசியா அதைக் காணி வழக்கு என்று நினைத்தாள். மூன்றாம் நாள், ஒரு படைத்தளபதி துணிவைப் பற்றி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டபோது, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதோடு ஆள் விழுந்துவிட்டாள்.

எந்த மீனுக்கு எந்த உரையாடல் என்று இப்போது ஓர் ஒழுங்குகூட உண்டு. திருக்கை வந்தால் நீதி. இரண்டும் லேசில் முடியாது. சின்ன மீன் குவிந்தால் நட்பு. யாராவது அப்புவிடம் அசட்டுப் பதில் சொல்லிவிட்டால், அந்த இடத்தை மூக்கால் பின்னுக்குத் தள்ளி, இரண்டாம் தரமும் கேட்டு, "உது தேவையோ உனக்கு?" என்று அந்த ஆளைக் கடிந்துகொள்வாள். வாசிப்பவருக்கு அடிக்கடி இருமல் வருவதுதான் அவளுக்கு ஒரே கவலை. கொத்தமல்லி அவித்துக் குடிக்கும்படி கைப்பேசியைப் பார்த்துப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

கிரேக்கர் யார் என்பதிலும் அவளுக்குக் குழப்பமில்லை. "பூசையில பைபிளில இருந்து வாசிக்கிற நிருபங்கள் அந்தச் சனத்துக்குத்தானே போனது. இப்பிடிக் கேள்வி கேக்கிற சனத்துக்கு நேரில போய்ச் சொல்லேலாது. எழுதித்தான் அனுப்ப வேணும்."

கேட்பதோடு நின்றிருந்தால் ஊருக்குத் தொல்லை இல்லை. கருவாடு எடுக்க லொறியில் வரும் தாவூதிடம் ஒருநாள், "தம்பி, நல்ல கருவாடு எண்டால் என்ன?" என்று தொடங்கினாள்.

"நல்லாக் காஞ்சது, அக்கா."

"காஞ்சதெல்லாம் நல்ல கருவாடெண்டால், இந்த விறகும் நல்ல கருவாடோ?"

"மீன் காஞ்சால்தான், அக்கா."

"அப்ப காகம் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுக்கு மேல போட்ட மீனும் காஞ்சுதான் கிடக்கு. எடுப்பியளோ?"

தாவூது பொறுமைசாலி. மேலும் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் நிற்கவில்லை. "உங்களோட கதைச்சால் நான் என்ன எடுக்க வந்தனான் எண்டே மறந்துபோகுது," என்று சொல்லிவிட்டுப் பாதி ஏற்றிய லொறியோடு போனார். இப்போது வந்ததும் கதவைத் திறக்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி, "இண்டைக்குக் கேள்வி இல்லைத்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் இறங்குகிறார்.

வீட்டில் அவளுக்கு வாய்த்தவர் பஸ்ரியன். முப்பது வருடமாக வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து இருந்து காது பாதி போய்விட்டது. கேட்டதற்கும் கேட்காததற்கும் அவரிடம் இருப்பது ஒரே பதில்.

"துணிவெண்டால் என்ன, சொல்லுங்கோ பாப்பம்."

"ஓம்."

"ஓமெண்டு சொல்லக் கூடாது. கேள்வி அது இல்லை."

"ஓம், அதுதான்."

அப்புவுக்கு எதிரே இருப்பவர்களும் 'ஆம்', 'அப்படித்தான்', 'மறுப்பதற்கில்லை' என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அவர்களைக் கடைசியில் எங்கேயாவது விழுத்திவிடலாம். பஸ்ரியன் எங்கேயும் விழுவதில்லை என்பது பெற்றிசியாவின் மனக்குறை. அந்த 'ஓம்' ஒருநாள் அவளையே விழுத்தும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அடுத்த வளவில் இருப்பவர் அருள்நாயகி, அந்த ஒழுங்கையின் செபக்குழுத் தலைவி. வேலிக்கு இந்தப் பக்கம் தினமும் ஓர் ஆண் குரல், "ஆன்மா அழியாதது என்று ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்பதும், "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் வருவதும் அவர் காதில் விழுந்தது. போன வருடம்தான் அந்த ஒழுங்கையில் இரண்டு குடும்பங்கள் கோயிலை விட்டு, வீடு வீடாக வந்து செபம் நடத்தும் ஒரு புதுச் சபைக்குப் போயிருந்தன. அங்கேயும் இப்படித்தான் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, ஆளை எடுத்தார்கள். அருள்நாயகி கரையில் வள்ளம் இழுத்துக்கொண்டிருந்த பஸ்ரியனிடம் போனார்.

"தம்பி, பெற்றி கேக்கிறது சபைக்காரரின்ர பிரசங்கமோ?"

"ஓம்."

"அப்ப அங்க போகவும் தொடங்கீட்டாளோ?"

"ஓம்."

"எத்தினை நாளா?"

"ஓம்."

இந்த இடத்திலாவது அருள்நாயகி சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் அதற்குள் அழத் தொடங்கியிருந்தார்.

ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சிலை, ஊர்ச் சொல்லில் சுருவம், ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தங்கிப் போகும். சபைக்குப் போனவர்கள் போக அந்த ஒழுங்கையில் முப்பத்தொரு வீடு. மாதத்தில் முப்பத்தொரு நாள். பதினேழாம் திகதி எப்போதும் பெற்றிசியாவின் வீட்டுக்கு உரியது. இந்த முறை கோயில் வாசலில் ஒட்டிய பட்டியலில் அந்தத் திகதிக்கு நேரே 'சனசமூக நிலையம்' என்று எழுதியிருந்தது. பெற்றிசியா அதை மூன்று தரம் வாசித்தாள். கலியாணம் முடித்த நாள் முதல் அவள் இருந்த இடத்துக்கு மாதா வராத ஒக்டோபர் இல்லை. இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலில் இருந்த வருடங்களில்கூட யாரோ சுருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"மாதா பெடியள் கரம் போட்டில சுண்டி விளையாடுற இடத்தில போய் இருக்கலாமாம். என்ர வீட்டில இருக்கக் கூடாதாம்," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு நேரே அருள்நாயகி வீட்டுக்குப் போனாள். காரணத்தைக் கேட்டறிந்ததும் ஆறுதலாக மூச்சு விட்டாள். இது அப்புவின் வழியில் தீர்க்கக்கூடிய விஷயம்.

"அக்கா, சபைக்குப் போறவள் கோயில் பூசைக்கு வருவாளோ?"

"வரமாட்டாள்."

"போன ஞாயிறு நான் பூசைக்கு வந்தனானோ?"

"வந்தனீ. எனக்குப் பக்கத்திலதான் இருந்தனீ."

"அப்ப நான் சபைக்குப் போறவளோ?"

கிரேக்கத்தில் என்றால் வழக்கு இங்கே முடிந்திருக்கும். அருள்நாயகி அவளைக் கண்வாங்காமல் பார்த்தார். "முந்தி நீ இப்பிடிக் கதைக்கிறேல்லை, பெற்றி," என்றார். "இது அவையள் கேக்கிற விதம்தான்."

இதில் உள்ள வில்லங்கம் பெற்றிசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எவ்வளவு நன்றாக வாதாடுகிறாளோ அவ்வளவுக்குக் குற்றம் உறுதியாகிக்கொண்டு வந்தது. கேட்பது பிரசங்கம் இல்லை என்று காட்டுவதற்காகக் கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். இந்தியாக் குரல் செருமிக்கொண்டு நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அது அப்புவை ஊர்ச்சபை கூட்டி விசாரிக்கும் இடம். இந்த மனிதர் ஊரார் கும்பிடும் தெய்வங்களைக் கும்பிடுவதில்லை என்று வழக்கு வந்திருப்பதாகக் குரல் சொல்லிற்று.

"கேட்டியோ. அதில வாறவையே சொல்லுகினம்," என்றார் அருள்நாயகி, துக்கத்தோடு.

பெற்றிசியா வீட்டுக்கு வந்து மீதியையும் கேட்டாள். அப்பு ஒரு குற்றச்சாட்டையும் விடாமல் பதில் சொல்லி, வழக்குப் போட்டவனையே மடக்கி, கடைசியில் வாக்கெடுப்பில் தோற்றார். நஞ்சு குடிக்கச் சொல்லிவிட்டார்கள். பெற்றிசியா அன்றைய மீனுக்கு உப்பை வழக்கத்துக்கு மேல் அள்ளிப் போட்டாள். "அப்புவின்ர பக்கத்து ஆக்கள் என்ன செய்துகொண்டு இருந்தவை?" என்று கைப்பேசியிடம் கேட்டாள். பின்னேரம் பஸ்ரியனைப் பிடித்தாள்.

"அருள்நாயகியக்கா உங்களிட்ட ஏதும் கேட்டவவோ?"

"ஓம்."

"என்ன கேட்டவ?"

பஸ்ரியன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். இதற்கு 'ஓம்' போதாது என்று அவருக்கே விளங்கியது. "அது வடிவாக் கேக்கேல்லை," என்றார்.

"அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓமெண்டனான்."

பெற்றிசியா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாலு நாளும் இல்லை. கைப்பேசி பையோடு அலுமாரிக்குள் போயிற்று. மீன் சத்தமில்லாமல் வெட்டப்பட்டது. தாவூது இறங்கி வந்து, ஒரு கேள்வியும் வராததைக் கண்டு பயந்து, வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று விசாரித்தார். பஸ்ரியனுக்கு முதல் இரண்டு நாளும் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை.

பதினேழாம் திகதி மாலை சுருவம், முதல்நாள் அது தங்கியிருந்த அருட்பிரகாசத்தின் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒழுங்கை முனையில் இருக்கும் சனசமூக நிலையத்துக்குப் பாட்டோடு வந்துகொண்டிருந்தது. பெற்றிசியா பின்வளவில் பெரிய வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டு காதை மட்டும் ஒழுங்கையில் வைத்திருந்தாள். பாட்டு அவளுடைய வேலிப் படலையடியில் வந்து நின்றுபோயிற்று. ஓடிவந்து பார்த்தாள். படலையிலிருந்து ஒழுங்கையின் நடுவரை வெள்ளை விரிப்பு ஒன்று விரித்துக் கிடந்தது. அதன் நுனியில், தோய்த்த சட்டை போட்டு, கையில் கொளுத்திய மெழுகுதிரியோடு பஸ்ரியன் நின்றார்.

"தம்பி, விலகும். இண்டைக்கு நிலையத்துக்கு," என்றார் அருள்நாயகி.

"இல்லை."

பஸ்ரியனின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அங்கே நின்ற ஒருவரும் கேட்டதில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பெற்றி சபைக்குப் போறவளெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"இல்லை," என்றார் வந்த வேகத்தில். பிறகு யோசித்தார். "சொன்னனான். அது பிழை. கரை இரைச்சலில எனக்குக் காது கேக்கேல்லை."

"கேக்காட்டில் ஏன் ஓமெண்டனீர்?"

பஸ்ரியன் மெழுகுதிரியை மற்றக் கைக்கு மாற்றினார். மெழுகு விரலில் வழிந்தது. "வந்து கேக்கிற ஆளை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுதானே, அக்கா. அவள் கேக்கிறது ஒரு கிழவரின்ர கதை. நல்ல மனிசன், கேள்வி கேட்டே செத்துப்போச்சு. அதில சபையுமில்லை, ஒண்டுமில்லை. இது மாதா வாற வீடு."

கலியாணம் முடித்த பிறகு அவர் ஒரேயடியாகப் பேசிய மிக நீண்ட பேச்சு அது. அந்த அரைக் காதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை நாளும் அப்புவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெற்றிசியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அருள்நாயகி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். அவர் முடிவெடுப்பதற்குள் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற அருட்பிரகாசம் முந்திக்கொண்டார். "அக்கா, எனக்குக் கை விறைக்குது. அங்க இன்னும் கரம் போட்டைக் கூட எடுத்து வைக்கேல்லை," என்று சொல்லிவிட்டு விரிப்பில் காலை வைத்தார். பாட்டு மறுபடி தொடங்கியது.

செபமாலை முடிந்து, தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வந்தன. சனம் பாயில் இருந்து குடித்தது. அருள்நாயகி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வருத்தக்காரி, பாயில் இருந்தால் எழும்புவது பெரும்பாடு. சனம் கதையில் மூழ்கிய நேரமாகப் பெற்றிசியாவின் பக்கம் திரும்பினார்.

"பெற்றி, என்னோட கோவமோ?"

கோபம் என்றால் என்ன என்று அவள் தொடங்கப்போகிறாள் என்று பயந்து பஸ்ரியன் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"கோவம்தான்," என்றாள் பெற்றிசியா. உள்ளே போனாள். வீட்டில் ஆள் சாய்ந்து இருக்கக்கூடிய ஒரேயொரு கைபிடிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, தோளில் கிடந்த துவாயால் துடைத்து, அருள்நாயகியின் முழங்காலுக்குப் பின்னால் அணைத்து வைத்தாள்.