ஜீப்புக்கு எண் இல்லை

பீர்மேட்டுக் கல்லூரி மையத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில், மாணவர்கள் மலைக்குப் போன ஜீப் வாடகைக்குப் பல்கலைக்கழகக் கணினியில் கணக்குக் குறியீடு தேடினேன். முன்பு எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய பழக்கம். அங்கே செலவெல்லாம் வண்டியின் பேரில்தான். 'ஜீப்' என்று எத்தனை முறை தட்டியும் ஒன்றும் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஒங்க சிஸ்டத்துல மலையே கெடையாதா?" என்று கத்தினேன்.

போனை எடுத்த மலையாளப் பெண் கோபப்படவில்லை. "வண்டிய விடு மோளே. பிள்ளைங்க எதுக்குப் போச்சு?"

"செடி பாத்துப் படிக்க."

"அப்போ ஃபீல்டு ட்ரிப்னு தேடு."

உடனே எண் வந்தது. நான் பதிந்து முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.

என் மேசையிலுள்ள குறியீட்டுப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இன்றும் செலவின் பெயர் இல்லை. 'சேச்சி' என்றுதான் எழுதியிருக்கிறேன்.