கடலுக்கு அரை நாள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பித் தாளில் பதினான்கு நாள் பயணத்துக்குத் திட்டம் எழுதி முடித்தேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எனக்கு இரண்டு கிழமை லீவு. காடு, அருவி, கடல் எல்லாம் பார்த்துவிட வேண்டும். மகள் மலருக்கு ஒன்பது வயது... இன்னும் கடலைப் பார்த்ததில்லை. அவளுக்காகத்தான் இந்தப் பயணமே.

தாளை அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

"அத்தை வீடு, யட்டியாந்தோட்டை, நாலு நாள். மாமா வீடு, பலாங்கொடை, நாலு நாள். சித்தப்பா வீடு..."

விரலை வைத்துக்கொண்டே கீழே போனவள் கடைசி வரியில் நின்றாள்.

"ஏம்ப்பா, கடலுக்கு அரை நாள்தானா?"

"பஸ்ஸ விட்டுட்டா தங்க எடமில்ல கண்ணு."

அடுப்படியில் என் மனைவி சரோஜா சிரித்தாள். "ஒங்கப்பா டூர் போகல. கல்யாணப் பத்திரிக வைக்கப் போறாரு."

என்ன செய்வது பிள்ளைகளே? தோட்டத்து ஆட்கள் நாங்கள் சொந்தக்காரர் இருக்கிற பக்கம்தான் பயணம் போவோம். போனால் லேசில் விடமாட்டார்கள். ஒரு வீட்டை விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் கோபம். சொந்தமோ முழுக்க மலையில்... கடற்கரையில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

மலர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் றக்வான பஜாரில், நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையின் முஸ்லிம் முதலாளியிடம் இதைச் சொன்னேன். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ட தங்கச்சி ஹம்பாந்தோட்டையிலதானே ஈக்கிறா. வாசல்ல நிண்டா கடல் தெரியும். அங்க போய் நாலு நாள் நில்லுங்க."

"தெரியாதவங்க வீட்டுல எப்படி நானா..."

"என்ட தங்கச்சி ஒங்களுக்கும் தங்கச்சிதானே. நான் சொல்லி அனுப்புறன்."

வீட்டுக்கு வந்து தாளைத் திருத்தினேன். சித்தப்பா வீட்டில் பகல் சாப்பாடு மட்டும். கோபித்தால் கோபிக்கட்டும். ஹம்பாந்தோட்டைத் தங்கச்சி வீடு, கடலுக்கு நாலு முழு நாள்.

மலர் மறுபடி விரல் வைத்து வாசித்தாள். பிறகு கேட்டாள்: "இந்த அத்தை பேரு என்னப்பா?"

சொந்தம் இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டுமென்றில்லை பிள்ளைகளே. போகிற ஊரிலும் சொந்தம் கிடைக்கும்.

நேற்று நானா இன்னொரு சேதி சொன்னார். அடுத்த லீவுக்குத் தங்கச்சி குடும்பம் மலை பார்க்க எங்கள் ஒற்றை அறை லய வீட்டுக்கு வருகிறதாம் — ஏழு பேர், இரண்டு கிழமை.