துபாயிலிருந்து வந்த ஏலக்காய்

ஏலக்காய்க்குப் பேர்போன போடியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். ஏலக்காய் ஏற்றுமதியைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என்று துபாய்க்கு ஒரு வாரக் கல்விப் பயணம் முடிவானது. முன்னதாக ஏற்பாடுகளைப் பார்த்துவர எங்கள் துறைத்தலைவர் போனார், மனைவியோடு.

திரும்பி வந்ததும் கூட்டம் போட்டு, ஒட்டகத்தின் மேல் தான் உட்கார்ந்திருக்கும் படங்களாகக் காட்டினார். பயணத் திட்டமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. பாலைவனம், கப்பல் விருந்து, நகைக்கடை வீதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலக்காய் யாவாரிங்க யாரையும் பாத்தீங்களா சார்?"

"பாக்காமலா?" என்று பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பெருமையாக மேசையில் வைத்தார். உள்ளே ஏலக்காய். போடிக்கு ஏலக்காய் வாங்கி வந்த மகராசன்!

"கடைக்காரரு மலையாளி. நான் போடின்னதும், நல்ல காய எப்படிப் பாத்து எடுக்குறதுன்னு என்கிட்டயே கேக்குறாரு. நமக்கென்ன தெரியும்? சிரிச்சு வச்சேன்."

"அப்ப மொதல்ல பிள்ளைகள போடிமெட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம் சார். தோட்டத்தப் பாத்துட்டு பிளேன் ஏறட்டும்."

"போடிமெட்டுக்குப் போக யாரும்மா பாஸ்போர்ட் எடுப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறேன். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அந்தத் துபாய்க் கடைக்காரர் என்னைக் கேட்டிருந்தால், நானும் சிரித்துத்தான் வைத்திருப்பேன்.