டார்லா சட்டி விற்ற குளிர்காலம்

டார்லா ஹூக்ஸ்ட்ரா பள்ளிக்கூடச் சமையலறையில் வெகுகாலம் வேலை பார்த்தவள். எங்கள் ஊரில் இன்று பெரியவர்களாக நடமாடும் பாதிப் பேர் அவள் கரண்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். கணவன் ஹார்லனுக்கு பார்க்கின்சன் நோய் முற்றியதும் வேலையை விட்டாள். அவனைக் குளிப்பாட்டவும் கைகால்களை நீட்டி மடக்கிவிடவும் வாரத்தில் சில நாள் நான் அந்த வீட்டுக்குப் போவேன். அதுதான் என் தொழில்.

வீட்டில் இருந்தபடி டார்லா ஒரு வியாபாரம் பிடித்துக்கொண்டாள். யாராவது இறந்துபோனால் பிள்ளைகள் வீட்டைத் திறந்து சாமான்களை விலைக்கு விடுவார்கள் அல்லவா, அங்கே விடியும் முன்பே போய் வரிசையில் நிற்பாள். மற்றவர்கள் நாற்காலி, நகை என்று ஓடும்போது இவள் நேராக அடுப்படிக்குப் போவாள். துருவேறிய பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளை அள்ளிக்கொண்டு வருவாள். கார் கொட்டகையில் ஒரு பெரிய தொட்டி நிறைய காஸ்டிக் சோடாத் தண்ணீர். முழங்கை வரை ரப்பர் உறை. ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் பூசி, அடுப்பில் சுட்டு எடுத்தால் சட்டி கன்னங்கரேலென்று மின்னும். படம் எடுத்து ஆன்லைன் சந்தையில் போடுவாள். மாதத்துக்கு இரண்டு, மூன்று போகும். ஹார்லனின் மருந்துச் செலவுக்கு அது சரியாக இருந்தது.

அந்த ஜனவரியில் ஒரு கிழ விவசாயியின் வீட்டுச் சாமான் விலைக்கு வந்தது. நூறு வருஷத்துச் சட்டிகள், ஒரு சுவர் நிறைய. கையிருப்பைத் துடைத்து வாங்கிவிட்டாள். எல்லாவற்றையும் சுத்தம் செய்து ஒரே நாளில் படம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருவதற்குள் ஒன்று தவிர அத்தனையும் விற்றுவிட்டன. அவள் சந்தோஷம் திங்கட்கிழமை மதியம் வரை நீடித்தது.

நான் போனபோது போனை என்னிடம் நீட்டினாள்.

"இதைப் படி, நெட்டி. நான் படிச்சது சரிதானா பாரு."

வழக்கத்துக்கு மாறாக விற்பனை நடந்திருக்கிறது, ஆகவே பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், பொருள் போய்ச் சேர்ந்து சில வாரம் கழிந்தபின் தருவோம் என்று இருந்தது. கீழே இன்னொரு வரி. பொருட்களை மூன்று நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்.

"சரியாத்தான் படிச்சிருக்க," என்றேன்.

"அனுப்பற கூலி? எப்பவும் வித்த காசுலேர்ந்துதானே கட்டுவேன். இது இரும்பு, நெட்டி. பஞ்சு இல்ல."

கூலி கட்ட அவளிடம் பணம் இருந்தது. அது வீட்டைச் சூடாக்கும் கேஸுக்கு என்று தனியாக எடுத்து வைத்த பணம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கேஸ் டேங்கில் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முந்தைய குளிர்காலத்தில் பாக்கி வைத்ததால், கேஸ் கம்பெனி இப்போது முன்பணம் கட்டினால்தான் லாரியை அனுப்பும். ஏரிப் பக்கமிருந்து பனி இரவு பகலாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஹார்லனின் தம்பி கெரிட் அடுத்த தெருவில் தனியாக இருப்பவன். வாய் ஓயாதவன். அன்று பனி தள்ள வந்தவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"போன வருஷம் உனக்கு ஒருத்தன் விரிசல் விட்ட சட்டியக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சு அனுப்பினானே, அப்ப யாரு உன் காசக் காப்பாத்தினது? இதே கம்பெனிதான். அவன் காசையும் இப்படித்தான் புடிச்சு வெச்சிருந்தாங்க. அப்ப கேக் சுட்டுக் கொண்டாடின. இப்ப கசக்குதா, மகாராணி?"

"அவன் திருடன்டா. நான் திருடியா?"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? உன் மூஞ்சியப் பாத்திருக்காங்களா?"

"எத்தன வருஷமா விக்கறேன். ஒரு புகார் உண்டா?"

"அனுப்பாத. சட்டி வீட்டுல இருந்தா வித்துத் திங்கலாம். அங்க போயிட்டா என்ன பண்ணுவ?"

"கணக்க மூடிட்டா அப்புறம் எங்கடா விக்கறது? உன் தலையிலயா?"

அவர்கள் இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால் யாரும் ஜெயிக்கவில்லை. டார்லா எல்லாச் சட்டிகளையும் பழைய போர்வைத் துணியில் சுற்றிப் பெட்டி கட்டி, கேஸ் பணத்தில் கூலி கட்டி அனுப்பினாள். ஹீட்டரைக் குறைத்து வைத்தாள். மாடியறையைப் பூட்டினாள். ஹார்லனின் நாற்காலியைச் சமையலறை மின்னடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

எனக்கு அப்போதே பயம் வந்தது. குளிர் என்றால் நாம் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம். பார்க்கின்சன்காரனுக்குக் குளிர் பட்டால் உடம்பு மரக்கட்டை ஆகிவிடும். விழுங்கச் சிரமம், எழச் சிரமம். விழுந்தால் இடுப்பெலும்பு. அதை டார்லாவிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "தெரியும்னுதான் தூக்கம் வரல."

அந்தப் பயத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். விற்காமல் மிச்சமிருந்தது வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுடும் ஒரு பழைய இரும்பு அச்சு, நல்ல விலை போகும். அவள் பேரில் விற்றால் அந்தப் பணமும் மாட்டும். ஆகவே ஹார்லன் பேரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தாள். அதே போன், அதே வீட்டு விலாசம், அதே பாங்க். அச்சு அன்றைக்கே விற்றது. மறுநாள் காலையில் இரண்டு கணக்கும் பூட்டப்பட்டிருந்தன.

ஒரு கணக்கை நிறுத்தினால் இன்னொரு பேரில் நுழைவதுதான் மோசடிக்காரர்களின் வழக்கமாம். புதுக் கணக்கின் சொந்தக்காரர் தன் முகத்தைப் போன் காமிராவில் காட்டி, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். மூன்று முறை முயலலாம். முடியாவிட்டால் இரண்டு கணக்கிலும் உள்ள பணம் அரை வருஷத்துக்கு அசையாது.

நான் போனபோது டார்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் என்ன பண்ணித் தொலைச்சேன் நெட்டி? அவன் பேர இழுத்து விட்டுட்டேனே."

"அழறத அப்புறம் வெச்சுக்க. மாத்திரை எப்ப குடுத்த?"

"இப்பதான்."

மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காத்திருந்தோம். நான் ஹார்லனின் கன்னத்தையும் கழுத்தையும் வெந்நீர்த் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். கெரிட் போனைப் பிடித்தான். திரையில் ஒரு வட்டம் வந்தது. முகத்தை வட்டத்துக்குள் வை என்றது. வைத்தோம். இடப்பக்கம் திரும்பு என்றது. ஹார்லன் திரும்பத் தொடங்குவதற்குள் வலப்பக்கம் என்றது. கண்ணைச் சிமிட்டு. அந்த நோயில் சிமிட்டுவதே அபூர்வம். பிறகு, புன்னகை செய் என்றது.

"சிரிடா," என்றான் கெரிட். "உன் கல்யாணத்துல சூப் பானைக்குள்ள விழுந்தது யாரு? நான்தானே? ஞாபகம் இருக்கா? பேண்ட்டெல்லாம் பட்டாணி!"

ஹார்லனின் முகம் சுவர் மாதிரி இருந்தது. திரை சிவந்தது. முடியவில்லை, மறுபடி முயலவும்.

இரண்டாம் முறை கெரிட் இன்னும் மோசமான ஒரு கதையைச் சொன்னான். போதகர் காதில் விழக்கூடாத கதை. எனக்கே சிரிப்பு வந்தது. திரை மறுபடி சிவந்தது.

"சிரிக்கக் கூடாதா, பாவி? ஒரு தடவை!" என்று டார்லா கத்திவிட்டாள்.

ஹார்லனின் குரல் எப்போதும் மூச்சளவுதான். குனிந்தால்தான் கேட்கும்.

"சிரிச்சிக்கிட்டுதான் இருக்கேன்," என்றான்.

கெரிட் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் ஜன்னலைப் பார்த்து நின்றான். இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. டார்லா அதைத் தொடவில்லை. போனை நிமிர்த்தி எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?" என்று கேட்டேன்.

"உண்மைய. அவன் பேர்ல திறந்தது நான். அவனுக்கு முகம் அசையாது. அவன் கணக்க மூடிடுங்க, அந்த அச்சை வாங்கினவருக்குக் காசத் திருப்பிக் குடுத்துடுங்க, அத நான் இன்னும் அனுப்பல. மத்தது என் காசு."

"அறிவிருக்கா உனக்கு?" கெரிட் திரும்பினான். "நீயே மோசடி பண்ணினேன்னு எழுதிக் குடுக்கறியா? போலீஸுக்கு அனுப்பினா?"

அவள் விரல் நின்றது. உண்மையிலேயே அனுப்புவார்களா என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண் கிடையாது, போய் நிற்பதற்கு ஒரு வாசல் கிடையாது. கடன் வாங்கின பாங்கில்கூட ஒரு மேனேஜர் உண்டு, முறைப்பதற்காவது. இங்கே யாரிடம் பயப்படுகிறோம் என்றே தெரியாமல் பயந்தோம்.

"அனுப்பட்டும்," என்று சொல்லி அழுத்திவிட்டாள்.

உங்கள் செய்தி கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

டேங்க் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது நான் டார்லாவிடம் நேராகச் சொன்னேன். ஆளைக் கெரிட் வீட்டுக்கு மாற்று, இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்கிறேன். அவள் என்மேல் கோபப்பட்டாள். தன் கட்டிலில்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்றாள். முதலில் உயிரோடு இருக்கட்டும், தூக்கம் அப்புறம் வரட்டும் என்றேன். உறைந்து வெடித்துவிடாமல் இருக்கக் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு வீட்டைப் பூட்டினோம். கெரிட்டும் நானும் ஹார்லனை நாற்காலியோடு தூக்கிப் பனியில் இறக்கினோம். போர்வைக்குள்ளிருந்து அவன் என்னைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று முகத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவன் கை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

கெரிட் வீட்டில் ஹார்லனுக்கு இடம் பழகவில்லை. குளியலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவான். புது வீடு, புது வாசல்படி என்றால் அந்த நோயில் அப்படித்தான். ஒருமுறை நின்ற இடத்திலிருந்து அப்படியே சாய்ந்தான். கெரிட் பிடித்துவிட்டதால் எலும்பு தப்பியது. அதற்குப் பிறகு ஹார்லன் எழுந்திருக்க முயல்வதையே நிறுத்திக்கொண்டான். டார்லா போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள். அது அதிரும்போதெல்லாம் அவள் முகம் வெளுக்கும். பெரும்பாலும் விளம்பரம்.

ஒருநாள் பணம் வந்துவிட்டது. ஹார்லன் கணக்கை மூடியிருந்தார்கள். டார்லாவுடையதைத் திறந்து, சட்டிப் பணம் முழுவதையும் ஒரு சதம் குறையாமல் போட்டிருந்தார்கள். பொறுமைக்கு நன்றி என்று ஒரு வரி. ஏன் பூட்டினோம், ஏன் திறந்தோம் என்று எதுவும் இல்லை.

"பாத்தியா, நியாயமாத்தான் நடந்துக்கிட்டாங்க," என்றான் கெரிட்.

"என் காச எங்கிட்ட குடுத்ததுக்கு நான் மறுபடி கேக் சுடணுமா?"

"சுட்டா சாப்பிடறேன்."

டார்லா கேஸ் லாரிக்குப் போன் செய்தாள். வீடு சூடாக இரண்டு நாள் பிடித்தது. ஹார்லனைத் திரும்பக் கொண்டுவந்தோம். முன்பு நான் ஒருத்தி தாங்கினால் எழுந்து நிற்பான். இப்போது இரண்டு பேர் வேண்டும். அந்த நிலை எப்படியும் ஒருநாள் வரவேண்டியதுதான். ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே வந்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கு அது தெரியாது. திருடர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், சோதிக்கட்டும். ஆனால் சோதித்து முடிக்கும்வரை அனுப்பும் கூலியையாவது அவர்கள் தாங்கியிருக்கலாம். டேங்க் காலியாகியிருக்காது.

ஏப்ரலில் டார்லா இன்னொரு வீட்டு விற்பனைக்குப் போய்வந்தாள். கார் கொட்டகையில் அலமாரி நிறையச் சட்டிகள், எல்லாம் சுட்டு எண்ணெய் பூசித் தயாராக. சந்தையில் பார்த்தால் அவள் பேரில் ஒரே ஒரு சட்டிதான் இருந்தது.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ஒண்ணு போடறேன்."

"அலமாரி நிறையக் கிடக்கே. இந்த வேகத்துல எப்ப முடியும்?"

அவள் ஹார்லனின் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். குதிகாலைச் சரிசெய்துவிட்டுத்தான் பேசினாள்.

"எல்லாம் ஒரே நாள்ல வித்துடுமோன்னு பயமா இருக்கு நெட்டி," என்றாள்.