பொறுப்பு: தூங்காமணி

இதை நான் கட்டிவிடவில்லை. கட்டிவிடுவதாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமான வேஷம் கொடுத்திருப்பேன். கரப்பானைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆள் நான். நடந்ததும் பட்டப்பகலில்தான். பேய் என்றால் ராத்திரி ஷிப்டு என்று யார் சொன்னது?

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் புரோகிராம்கள் எல்லாம் கன்டெய்னர் என்கிற தனித்தனி டப்பாக்களுக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 'பொறுப்பு' என்று ஒரு லேபிள். அதில் ஒருவர் பெயர். புரோகிராம் படுத்தால், அதாவது ஓடாமல் நின்றால், அந்தப் பெயருக்குத் தானாகவே போன் போகும். எடுத்தால் திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வரும். எடுத்தவன் தலையில் வேலை.

பில்லிங் புரோகிராமுக்கு என் பக்கத்து சீட்டுக்காரன் பொறுப்பு. முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். அதனால் அவனுக்குத் தூங்காமணி என்று பட்டப்பெயர். லேபிளிலும் அதுதான். போன மாதம், மடியில் லேப்டாப்போடு, உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டான்.

துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போதே டீம் லீடர் காரில் சொன்னார்: "லேபிள்ல உன் பேரைப் போட்டுடு. செத்தவன் போன் எடுப்பானா?"

கன்டெய்னர்களை வார்த்தெடுக்கும் அச்சு மாதிரி ஒரு டெம்ப்ளேட் உண்டு; அதில் மாற்றினேன். மறுநாள் மதியம் பில்லிங் படுத்தது. என் போன் அடிக்கவே இல்லை.

தேடினால், தப்பு என்னுடையது. டெம்ப்ளேட்டில் லேபிளுக்கு இரண்டு இடம் உண்டு. வெளியே, டெம்ப்ளேட்டுக்கே ஒன்று; உள்ளே, அதிலிருந்து பிறக்கும் கன்டெய்னர்களுக்கு ஒன்று. நான் வெளியே மட்டும் மாற்றியிருந்தேன். வாசலில் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு, குடியிருப்பவனை அப்படியே விட்ட கதை.

ஆக, திரையில் பார்த்தால் அழைப்பு தூங்காமணிக்குப் போயிருக்கிறது. சரி...

ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

'ஏற்கப்பட்டது.' முதல் மணியிலேயே. கோளாறும் சரியாகியிருந்தது.

லீடரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எடுக்கிறானா?"

"எடுக்கிறான் சார்..."

"வேலை நடக்குதா?"

"நடக்குது."

"அப்புறம் என்னய்யா? விட்டுடு. சம்பளமும் கேக்கமாட்டான், லீவும் கேக்கமாட்டான்."

சிரித்தார். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அந்த வாரமே அவன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரை இன்னும் கூப்பிடுறீங்களா?"

போனோடு எழுந்து வெளியே போனேன்.

"போன் பீரோவுக்குள்ள இருக்கு. சிம்மை அன்னிக்கே கழட்டிட்டேன். ஆனா அடிக்குது. ஒரே மணி. உடனே அவர் படுக்கிற பக்கம் கட்டில் அமுங்குது. டைப் அடிக்கிற சத்தம். பாப்பா எழுந்து உக்காந்து, 'அப்பா, படுப்பா'ன்னு அழறா. அவரைத் தூங்க விடுங்கண்ணா."

லீடரிடம் கேட்கவில்லை. லீவு நாள் மதியம், வீட்டில் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து டெம்ப்ளேட்டைத் திறந்தேன். இந்த முறை உள்ளே. அவன் பெயரை அழித்தேன். என் பெயரைப் போட்டேன்.

பழைய கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதியவை பிறந்தன. எல்லாவற்றிலும் என் பெயர்.

'போய்த் தூங்குடா' என்று வாய்விட்டே சொன்னேன்.

மணி மூன்று பத்து. பில்லிங் படுத்தது.

என் போன் அடித்தது. கை நீட்டினேன்...

நின்றுவிட்டது.

நான் தொடவே இல்லை.

திரையில்... 'ஏற்கப்பட்டது.'

எனக்குப் பக்கத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது.

டக்... டக்... டக்...

என் லேப்டாப் மடியில் மூடியிருந்தது.

திரும்பவில்லை. கரப்பானுக்குக் கட்டில்மேல் ஏறலாம். கட்டிலிலேயே என்றால் எங்கே ஏறுவது?

சாயங்காலம் அவன் மனைவி கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை.

"ரொம்ப நன்றிண்ணா. மத்தியானத்துலேருந்து இங்க ஒரு சத்தமும் இல்ல. பாப்பா அசந்து தூங்குறா."

"நல்லதும்மா..."

"ஒண்ணுதான் புரியல. பீரோ பூட்டினபடியே இருக்கு. உள்ள அவர் போனைக் காணோம்."

என் தலையணைக்கு அடியில் ஒரு மணி அடித்தது.

ஒன்றே ஒன்று.

யாரோ எடுத்துவிட்டார்கள்.