மாமன் மடி

என் வீட்டுக்காரரோட மடி அவுரோடது இல்ல. அது அவுரோட மூணு அக்காவுங்களுக்குப் பொதுச்சொத்து. இது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஜாதகம் பாக்கும்போதே அந்த மடிய யாரு பேருக்கு எழுதி வெச்சிருக்கீங்கன்னு கேட்டிருப்பேன். எங்க கேட்டேன்! நல்ல பையன், குடிக்க மாட்டாரு, குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனில நிரந்தர வேலைன்னு சொன்னாங்க. நானும் தலைய ஆட்டிட்டேன்.

சுனாமி வந்துச்சே, அந்த வருஷம் ஆவணியில எங்க கல்யாணம். நான் சிதம்பரத்துப் பொண்ணு, வீட்டுக்கு ஒரே புள்ள. அவுரு கடலூர் மஞ்சக்குப்பம், மூணு பொண்ணுக்கு அப்புறம் பொறந்த ஒரே பையன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவுங்க பெரிய அக்கா, அதாவது எனக்குப் பெரிய அண்ணி, கேசரிய வாயில போட்டுக்கிட்டே எங்கம்மாவக் கேட்டாங்க: "பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இல்லியா? அப்ப நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கு மாமன் யாரு?" என் மொகத்தயே இன்னும் ஒழுங்காப் பாக்கல. அதுக்குள்ள பொறக்காத புள்ளைக்கு மாமன் இல்லன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. எங்கம்மா என்னவோ குத்தம் பண்ணிட்ட மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேசரித் தட்டப் புடுங்கி உள்ள கொண்டு போயிருக்கணும். புதுப் பொண்ணு, சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்.

அந்த வீட்டுல மாமன்னா அப்பிடி. புள்ளைக்கு மொட்ட அடிக்கணுமா, காது குத்தணுமா, தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான் செய்யணும். பொண்ணு வயசுக்கு வந்தா தாய்மாமன்தான் பச்ச ஓலையில குடிச கட்டணும். எங்க ஊர்லயும் இதெல்லாம் இருக்கு, நான் ஒண்ணும் வானத்துலேர்ந்து குதிக்கல. ஆனா எங்க ஊர்ல மாமன் ஒரு நாள் வருவாரு, செய்வாரு, சாப்பிட்டுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போய்ச் சேருவாரு. இவுங்க வீட்டுல மாமனா இருக்கறதுதான் அவுருக்கு உத்யோகம். கம்பெனி வேலையெல்லாம் சும்மா சைடுல.

கல்யாணக் களையே இன்னும் போவல, மங்கலம்பேட்டையில இருக்குற நடு அக்கா பையனுக்குக் காதுகுத்து. தெருமுனையிலேர்ந்து மேளத்தோட சீர் எடுத்துக்கிட்டுப் போறோம். மாமன் பொண்டாட்டிங்கறதால மொதத் தட்டு என் கையில. நாலு வீடு தாண்டல, பெரிய அண்ணி கைய நீட்டி மேளத்த நிறுத்திட்டாங்க. "மொதத் தட்டுல வெத்தல பாக்கு இருக்கணும்மா. வாழப்பழத்தத் தூக்கிக்கிட்டு வர்றியே, ஒங்க சிதம்பரத்துல இப்பிடித்தானா?" நடுத்தெருவுல, அத்தினி பேர் முன்னாடி, தட்ட மாத்தினாங்க. தட்ட அடுக்கிக் குடுத்ததே அவுங்கதான். அத நான் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள மேளம் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு.

இவரப் பாக்கணுமே அன்னிக்கு! வீட்டுல ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னா செவுத்தப் பேத்து வெப்பாரு. அங்க பலகையில சம்மணம் போட்டு ஒக்காந்து, தோள்ல இருந்த துண்ட எடுத்து மடியில விரிச்சு, கத்துற புள்ளயக் கையும் ஆடாம தலையும் ஆடாம புடிச்சிக்கிட்டாரே, அப்பப்பா! அது ஒண்ணுலதான் கைத்தேர்ச்சி. அக்காவுங்க மூணு பேரும் சுத்தி நின்னு "எந் தம்பி, எந் தம்பி"ன்னு பூரிச்சுப் போனாங்க. அவுரும் ராஜா மாதிரி நிமிந்து ஒக்காந்திருந்தாரு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கருமம்னு இருந்துச்சு.

அப்புறம் என்ன, வரிசையாத்தான். மூணு அக்காவுக்கும் புள்ளைங்களுக்குக் கொறச்சல் இல்ல. ஒருத்திக்கு மொட்ட, ஒருத்தனுக்குக் காது, இன்னொருத்தனுக்குப் பள்ளிக்கூடத்துல சேக்க மாமன் கையால அரிசியில எழுத வெக்கணும். போன் வரும். "சரிக்கா", "வர்றேன்க்கா", "லீவு போட்டுர்றேன்க்கா." இந்த மூணு வார்த்தைய வெச்சே அந்த மனுஷன் காலத்த ஓட்டினாரு. எங்கப்பா மார்கழி தரிசனத்துக்கு வருஷா வருஷம் கூப்பிடுவாரு. மாப்பிள்ள வருவாருன்னு பஸ் ஸ்டாண்டுலயே வந்து நிப்பாரு. பஸ்ஸ வுட்டு நான் மட்டும் எறங்குவேன். "மாப்பிள்ளைக்கு ஷிப்டாம்மா?"ன்னு அப்பாவே காரணத்தையும் சொல்லிக் குடுத்துடுவாரு. ஆமாப்பா, ஷிப்டுன்னு சொல்லுவேன். சின்ன அக்கா பொண்ணுக்குக் கொலுசு போட்டு வுடப் போயிருக்காருன்னு எந்த வாயால சொல்றது?

நாலஞ்சு வருஷம் எனக்குப் புள்ள தங்கல. அதுக்கும் ஒவ்வொரு விசேஷத்துலயும் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிற என்னத்தான் கேப்பாங்க, "ஒனக்கு எப்பம்மா?"ன்னு. கேக்கறவங்க பந்தியில பாயசத்தக் குடிச்சிக்கிட்டே கேப்பாங்க. நான் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அங்க ஒரு முட்டாள் கேள்வி கேட்டா நிக்க வெச்சுத் திருப்பிக் கேப்பேன். இங்க பல்லக் கடிச்சிக்கிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் வேணுமான்னு கேட்டேன்.

ஒரு வழியா உண்டாயி, சிதம்பரத்துல எங்கம்மா வீட்டுக்கு வந்துட்டேன். வலி எடுத்து ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்குக் காலையில பாத்து, பெரிய அண்ணி பொண்ணுக்குச் சடங்கு. அப்பா போன் பண்ணினாரு. இவுரு போன எடுக்கல, பெரிய அண்ணிதான் எடுத்தாங்க. அவுங்க சொன்னது எனக்கு வலியிலயும் கேட்டுச்சு. "புள்ள எப்ப வேணா பொறக்கும், சம்பந்தி. ஓலைய நல்ல நேரத்துலதான கட்ட முடியும்?" இப்பிடியும் ஒரு மனுஷி பேசுவாளான்னு எங்கப்பா போனையே பாத்துக்கிட்டு நின்னாரு. அன்னிக்கு ஆபரேஷன் பண்ணித்தான் எம் பொண்ண எடுத்தாங்க.

அவுரு சாயங்காலம் வந்தாரு. புள்ளயப் பாத்தாரு, கண்ணு கலங்குனாரு, எல்லாம் சரி. அப்புறம் கட்டில் ஓரமா ஒக்காந்து உள்ளங்கையக் காட்டினாரு. "பாரேன், ஓலை எப்பிடிக் கிழிச்சிடுச்சுன்னு." எனக்கு வயித்துல தையல். நான் அந்தக் கையப் பாத்தேன், அவுரு மூஞ்சியப் பாத்தேன். இந்த ஆளோட பேசறது வேஸ்ட்டுன்னு செவுத்துப் பக்கம் திரும்பப் பாத்தேன், திரும்பவும் முடியல. எங்கம்மாதான் பாவம், தேங்காண்ண கொண்டாந்து மாப்பிள்ள கைக்குத் தடவினாங்க.

பொண்ணுக்கு ஒரு வயசு முடிஞ்சுது. திருவந்திபுரம் கோயில்ல மொட்ட போட்டுக் காது குத்தணும். கடலூரையே பொரட்டிப் போட்டுச்சே, அந்தப் புயல் அடிக்கறதுக்கு முந்தின வருஷம். இப்ப வந்துச்சு அந்தப் பழைய கேசரிக் கேள்வி, மாமன் யாரு? எனக்கு அண்ணன் தம்பி கெடையாது. எங்கம்மாவும் வீட்டுக்கு ஒரே பொண்ணு, அதனால பெரியம்மா சித்தி பசங்களும் இல்ல. அப்பாவுக்கு அக்காவுங்கதான், அவுங்க பசங்க எனக்கு மொறைப்பையனுங்க, அண்ணன் மொறை ஆவ மாட்டாங்க. எங்கப்பா மடியிலயே ஒக்கார வெச்சிடலாம்னு சொன்னேன். தாத்தா எப்பிடி ஒக்காருவாரு, ஊரு சிரிக்காதான்னு மாமியார் மோவாயில கைய வெச்சிக்கிட்டாங்க.

பெரிய அண்ணி ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தாங்க. "எங்க வூட்டுக்காரர் ஒக்காரட்டும். புள்ளைக்கு அவரும் மாமாதான?" அத்தை புருஷனையும் மாமான்னுதான் கூப்பிடறோம், வாஸ்தவம். ஆனா அந்த ஆளு யாருக்கும் ஒரு துரும்பு எடுத்துப் போட்டது கெடையாது. எல்லா விசேஷத்துலயும் மொதப் பந்தியில ஒக்காந்து, எந்திரிச்சதும் உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போறவரு. அதுக்கு மேல அண்ணி சிரிச்சிக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க. "மாமன் மடியில ஒக்காந்துட்டா நாளைக்கு எம் பையனுக்குத்தான் பொண்ணு. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மாத்திப் பேசக் கூடாது." எம் பொண்ணுக்கு அப்ப நடக்கக்கூட வரல. அவுங்க பையன் எட்டாவது படிக்கிறான்.

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. அவுங்க போனதும் இவருகிட்ட நேராச் சொல்லிட்டேன். "அந்த ஆளு மடியில எம் பொண்ணு ஒக்கார மாட்டா. ஒக்கார வெச்சீங்கன்னா அங்கேர்ந்து அப்பிடியே புள்ளயத் தூக்கிக்கிட்டு சிதம்பரத்துக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்." அவுரு சட்டப் பட்டனத் திருகினாரு. "அக்கா சொல்லிடுச்சேம்மா"ன்னாரு. அன்னிக்கே துணிப்பைய எடுத்து வெச்சேன். வெளையாட்டுக்கு இல்ல, நெசமாவே புள்ளைக்கு ஒரு மாசத்துக்கு வேண்டிய துணி. எங்கம்மா அப்பாவுக்கும் சொல்லிட்டேன். அப்பா சரிம்மான்னாரு.

திருவந்திபுரத்துல கூட்டம்னா கூட்டம், நல்ல முகூர்த்த நாளு. முடி எறக்குற எடத்துல தண்ணியும் சந்தனமுமா தரை வழுக்குது. அண்ணி வீட்டுக்காரர் பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோட மாப்பிள்ள மாதிரி வந்து நிக்கிறாரு. ஓரமா எங்கப்பா பழப்பைய வெச்சிக்கிட்டு நிக்கிறாரு. என் தோள்ல துணிப்பை. புள்ள இவுரு இடுப்புல. என் கையில குடுத்தா புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடிடுவேன்னு அவுருக்குத் தெரியும், அதனால என் பக்கமே திரும்பல.

முடி எறக்குறவரு கத்தியில புது பிளேட மாட்டினாரு. தலையத் தூக்காமயே கூப்பிட்டாரு. "தாய்மாமன் வாங்க, வந்து ஒக்காருங்க!"

அண்ணி வீட்டுக்காரர் அங்கவஸ்திரத்தச் சரிபண்ணிக்கிட்டு இருந்தாரு. இவுரு போயிட்டாரு. சத்தியமாச் சொல்றேன், யோசிக்கவே இல்ல. இத்தினி வருஷமா அந்தக் குரல் கேட்டா அவுரு காலு தானாப் போவும், போயிடுச்சு. பலகையில சம்மணம் போட்டாரு, துண்ட விரிச்சாரு, புள்ளயத் திருப்பி ஒக்கார வெச்சுத் தலைய ஆடாம புடிச்சிக்கிட்டாரு. முடி எறக்குறவரு தண்ணியத் தெளிச்சு நடுமண்டையில ஒரு இழு இழுத்துட்டாரு. அப்பத்தான் பெரிய அண்ணி பாத்தாங்க.

"டேய் டேய் டேய்! நீ அப்பன்டா! எந்திரிடா!"

இவுரு திடுக்குன்னு முழிச்சாரு. அந்த எடமே திரும்பிப் பாக்குது. அண்ணி தலையில அடிச்சிக்கிறாங்க. "மாமன் ஒக்கார்ற எடத்துல அப்பன் ஒக்காந்தா, ஒம் பொண்டாட்டி ஒனக்குத் தங்கச்சியாடா? மொறை கெட்டுப் போவும்டா!" பக்கத்துப் பலகையில மொட்ட போட்டுக்கிட்டிருந்தவங்ககூடச் சிரிச்சிட்டாங்க. அண்ணி வீட்டுக்காரர் வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, எடம் வுடுங்கற மாதிரி வந்து நின்னுட்டாரு. இவுரு பாதி எந்திரிச்சாரு. நான் துணிப்பைய இறுக்கிப் புடிச்சேன், புள்ளய வாங்க ஒரு அடி எடுத்து வெச்சேன்.

அவுரு என் தோள்ல இருந்த பையப் பாத்தாரு. புள்ள மண்டையில அந்த ஒரு கோடு வெள்ளையா இருந்துச்சு, அதயும் பாத்தாரு. திரும்பவும் ஒக்காந்தாரு.

"ஒங்க எல்லாப் புள்ளைக்கும் நான்தானக்கா ஒக்காந்தேன்"னாரு. "எம் புள்ளைக்கு மட்டும் எந்திரிக்கணுமா?"

சத்தமாக்கூடச் சொல்லல. தம்பிகிட்டேர்ந்து "சரிக்கா"வத் தவிர வேற ஒண்ணு வரும்னு அண்ணிக்கு யாரும் சொல்லி வெக்கல. எனக்குமே யாரும் சொல்லலையே! முடி எறக்குறவரு, "பாதியில நிறுத்தக் கூடாதும்மா, தள்ளி நில்லுங்க"ன்னு சொல்லிட்டு மீதியையும் எறக்கினாரு. காதும் அந்த மடியிலதான் குத்துனாங்க. புள்ள வீறிட்டுக் கத்துனா, அவுரு கையி ஆடல. எங்கம்மா முந்தானைய வாயில வெச்சிக்கிட்டு நின்னாங்க. அழுவறாங்கன்னு நெனச்சேன், கிட்டப் போய்ப் பாத்தா சிரிப்ப அடக்கிக்கிட்டு இருந்தாங்க.

உடனே இவரு திருந்திட்டாரு, நாங்க சுகமா வாழ்ந்தோம்னு சொல்ல நான் ஒண்ணும் ஏமாளி இல்ல. அதுக்கப்புறமும் போன் வந்துச்சு, போனாரு. பிரசவத்தன்னிக்கு ஓலை கட்டப் போனத நான் மன்னிக்கவும் இல்ல. ஆனா மார்கழிக்கு சிதம்பரம் பஸ்ல எனக்குப் பக்கத்துல ஒக்காந்து வர ஆரம்பிச்சாரு.

மொட்ட போட்ட அன்னிக்கு மண்டபத்துல சாப்பாடு. பெரிய அண்ணி சாப்பிடாம போய் வேன்ல ஒக்காந்துட்டாங்க, யாராவது வந்து கெஞ்சிக் கூப்பிடுவாங்கன்னு. அவுங்க வீட்டுக்காரர் மட்டும் மொதப் பந்தியில ஒக்காந்து வடைய ரெண்டாந்தடவ வாங்கிக்கிட்டாரு. என் பக்கத்து எலையில இவுரு வேன் பக்கமே பாத்துக்கிட்டிருந்தாரு. மொட்டத்தலையோட புள்ள அவுரு மடியில தூங்குது. எச்சிக் கைய ஊனி மெதுவா எந்திரிக்கப் பாத்தாரு.

"புள்ள தூங்குது"ன்னேன். "ஒக்காருங்க."

ஒக்காந்தாரு. நான் பரிமாறுற பையனக் கூப்பிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்கிட்டேன்.